பாதித் தரை எனக்கு வேண்டாம்

பிளாஸ்டிக் விரிப்பின் ஒரு முனையை மேனேஜரே குனிந்து தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? தரை போடச் சொன்னா மாவு சலிச்சு வெச்சிருக்கீங்க?"

வாசலிலிருந்து அறையின் நடுப்பகுதி வரை தரை வெளுத்துக் கிடந்தது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய வெள்ளைப் பொடி. மேனேஜர் பூட்ஸ் நுனியால் தேய்த்துப் பார்த்தார். பொடியோடு தரையின் மேல்தோலும் கொஞ்சம் உரிந்து வந்தது.

பின்னால் நின்ற கான்ட்ராக்டர் உச்சுக்கொட்டினார்.

"நான் அன்னிக்கே சொன்னேன் சார். சிமென்ட் இல்லாம ஒரு தரையா? சாம்பலைக் கொட்டித் தரை போட முடியும்னா அடுப்படியிலேயே தினம் ஒரு வீடு கட்டிடலாமே!"

உடன் வந்த ஆட்கள் சிரித்தார்கள். தரை போட்டவள் சிரிக்கவில்லை. குனிந்து வெள்ளையைச் சுரண்டி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுமானச் சாமான் விற்கும் தெருவில் அவளுக்குச் சாம்பல்காரி என்று பெயர். வைத்தது இதே கான்ட்ராக்டர்தான். அவர் அந்நியர் இல்லை, மாமனாரின் கூடப்பிறந்த தம்பி. அவளுக்குச் சின்ன மாமா. மாமனார் அவரிடமே தலைமை மேஸ்திரியாக வேலை பார்த்தார். தம்பி முதலாளி, அண்ணன் தொழிலாளி. வீட்டு விசேஷங்களில் மட்டும் அது தலைகீழாக மாறி, தம்பி அண்ணன் காலைத் தொட்டு எழுந்திருப்பார்.

இந்த அறை, பால் பதப்படுத்தும் ஆலையின் கழுவும் அறை. கேன்களும் பாக்கெட் அடுக்கும் கிரேட்டுகளும் குழாய்களும் இங்கேதான் குளிக்கும். சிந்தும் பால் தரையில் புளிக்கும். குழாய்க்குள் படியும் பால்கறையை எடுக்க ஆசிட் விடுவார்கள். சிமென்ட்டுக்குப் புளிப்பு ஆகாது. வருடம் திரும்புவதற்குள் மேல்பூச்சு கரைந்து, ஜல்லி பல்லை இளிக்கும். குழிகளில் பால் தேங்கி, நாற்றம் ஆபீஸ் வரை வரும். உடனே கான்ட்ராக்டருக்குப் போன் போகும். அவர் வந்து உடைத்து அள்ளிவிட்டுப் புதுத்தரை போடுவார். அடுத்த வருடமும் வருவார். மேனேஜர்கள் மாறினார்கள், இந்த வழக்கம் மாறவில்லை.

அதை மாற்றுகிறேன் என்று வந்தவள்தான் சாம்பல்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அவள் கான்கிரீட் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கட்டடங்களிலிருந்து வரும் கான்கிரீட் கட்டிகளை மெஷினில் வைத்து நசுக்கி, எத்தனை பாரம் தாங்குகிறது என்று பார்க்கும் வேலை. ஒருமுறை யாரோ கொண்டுவந்த ஒரு கருஞ்சாம்பல் நிறக் கட்டி அவளைப் பிடித்துக்கொண்டது. ஜியோபாலிமர் என்றார்கள். சிமென்ட் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. அனல்மின் நிலையத்துச் சாம்பல், இரும்பு ஆலையிலிருந்து வரும் கசடுத் தூள் கொஞ்சம், இரண்டையும் பிடித்துக் கட்ட ஒரு காரக் கரைசல். அவ்வளவுதான். ஆசிட் ஜாடிக்குள் போட்டு வைத்த சிமென்ட் கட்டி கரைந்து இளைத்தபோது, பக்கத்து ஜாடியில் இது போட்டது போட்டபடி உட்கார்ந்திருந்தது.

சிமென்ட் வேண்டுமானால் சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் வேகவைத்தாக வேண்டும். அந்தப் புகை வானத்துக்குப் போகிறது. சாம்பலோ ஏற்கெனவே எரிந்து முடிந்தது. மலைமலையாகக் குவிந்து, காற்றடித்தால் ஊரின் மூக்கில் ஏறுகிறது. எரிந்ததை மறுபடி எரிக்காமல் கல்லாக்க முடியும் என்றால் ஏன் செய்யக் கூடாது? இந்தக் கேள்வியை அவள் வீட்டில் கேட்டாள், தெருவில் கேட்டாள், கடைசியில் மேனேஜரின் மேஜைக்கு முன்னால் நின்று கேட்டாள். "சரி, கழுவற அறையில போட்டுக் காட்டுங்க. நின்னா மத்த அறைகளும் உங்களுக்கு. நிக்கலைன்னா பழையபடி உங்க சின்ன மாமாவே பார்த்துக்கட்டும்" என்றார் அவர்.

இன்று அதைப் பார்க்கும் நாள்.

"உடைக்கிற மெஷினைக் கொண்டாரச் சொல்லிட்டேன் சார்" என்றார் கான்ட்ராக்டர். "மத்தியானத்துக்குள்ள வந்துடும். சாயந்திரம் சிமென்ட் இறக்கிடலாம். வீட்டுப் பொண்ணு ஆசைப்பட்டுச்சு, போகட்டும்னு விட்டேன். இதுக்கு மேல உங்க ஆலையோட விளையாடக் கூடாது பாருங்க."

"மெஷின் வர்ற வரைக்கும் டைம் இருக்குல்ல சார்?" என்றாள் அவள்.

"எதுக்கு?"

"இது ஏன் இப்படி ஆச்சுன்னு நான் கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சு?"

"சொல்லுவேன். மெஷின் வந்து நிக்கட்டும். நான் சொல்ற வரைக்கும் தரை மேல கை வெக்கக் கூடாது."

மேனேஜர் கைக்கடிகாரத்தையும் தரையையும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். எல்லோரும் வெளியே போனார்கள்.

தனியானதும் நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். கலவையில் தப்பா? கரைசலை முதல் நாளே கலக்கி ஆறவைத்துத்தான் ஊற்றினாள். சாம்பல் பழைய லோடு. கொட்டிய அன்று மட்டம் தட்டி, விரிப்புப் போட்டு மூடும் வரை கூடவே இருந்தாள். மறுநாள்தான் இல்லை. அடுத்த அறைக்கும் சாம்பல் வேண்டுமே என்று கணவனோடு லாரியில் அனல்மின் நிலையத்துக்குப் போய், வரிசையில் நின்று, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் திரும்பினாள். அடுத்த அறை தனக்குத்தான் என்ற திமிர். வேறென்ன?

விரிப்பை முழுவதும் சுருட்டினாள். சுருட்டியதும் கண் குத்திட்டு நின்றது.

வெள்ளை, அறையின் நடுவோடு நின்றுவிட்டது. அதுவும் கயிறு பிடித்தாற்போல் நேர்கோட்டில். கோட்டுக்கு அந்தப் பக்கம், உள்பாதி முழுவதும் கருஞ்சாம்பல் நிறத்தில், துடைத்த சிலேட் மாதிரிப் பளபளவென்று கிடந்தது. ஆணியால் கீறினாள். கீறல் விழவில்லை, ஆணியின் இரும்புதான் கோடாக ஒட்டியது.

கோட்டின் மேலேயே உட்கார்ந்து தடவினாள். சிமென்ட் கலவையின் மெல்லிய தடம். வரப்பு வைத்து, பிறகு வழித்தெடுத்த தடம். புதுக் கான்கிரீட்டின் மேல் வரப்புக் கட்டி, பாத்தி மாதிரித் தண்ணீர் நிறுத்துவது எல்லாக் கொத்தனாரும் செய்வதுதான். ஆனால் வரப்பின் ஓரத்தை மூன்று விரலால் இழுத்து முடிக்கிறவர் ஒருவர்தான் உண்டு. வீட்டுக் கிணற்று மேடையில் அந்த மூன்று விரலைத் தினமும் பார்க்கிறாள்.

பாய்லர் அறைக்குப் பின்னால் மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் ஒரு கையில், பூச்சுக் கரண்டி ஒரு கையில். கரண்டியைக் கழுவி, சட்டையில் துடைத்து, வெயிலில் காட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கழுவற அறையில தண்ணி விட்டீங்களா?"

"பின்னே? விடாம இருப்பேனா?" அவர் முகம் மலர்ந்தது. "சொல்லிக்காட்ட வேணாம்னு இருந்தேன். நீயே கண்டுபிடிச்சுட்டே."

"நான்தான் வேண்டாம்னு சொன்னேனே மாமா!"

"சொன்னே. அப்போ யாரு பக்கத்துல நின்னா? மேனேஜர். ஆலையில தண்ணிப் பஞ்சம்னு மூக்கால அழுதுக்கிட்டு நின்னாரு. நீ கூச்சப்பட்டுக்கிட்டு, 'எங்க தரைக்குத் தண்ணியே வேணாம் சார்'னு பெருமைக்குச் சொல்லிட்டேன்னு நெனச்சேன். வந்த புதுசுல வீட்லயும் நீ அப்படித்தானே? இன்னும் கொஞ்சம் வெக்கவான்னா வேணாம்பே. அப்புறம் பாத்திரத்தைப் போய் எட்டிப் பார்ப்பே."

"மாமா..."

"மறுநாள் காலையில போய்ப் பார்த்தா, தரை வறண்டு கிடக்கு. மேல பிளாஸ்டிக்கைப் போத்தி வெச்சிருக்கே. பச்சைப் பிள்ளையைப் பட்டினி போட்டுப் போர்வையால மூடின மாதிரி! மனசு கேக்கலை. நல்ல வரப்பா வெச்சு, வெளிக்குழாயில ஹோஸ் மாட்டி, கணுக்கால் அளவு நிறுத்தினேன். ரெண்டு நாள் கழிச்சு வடிச்சுட்டு, நீ மூடின மாதிரியே மூடிட்டேன். மருமக தரை வெடிச்சு, அந்தப் பய சிரிச்சுடக் கூடாது பாரு."

அந்தப் பய என்றால் தம்பி.

அவளுக்குக் கோபம் வந்தது. பின்னாலேயே சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, சிமென்ட்டுக்குத் தண்ணி சாப்பாடு. இதுக்குத் தண்ணி விஷம். உள்ள இருக்கிற காரம்தான் சாம்பலைப் பிடிச்சுக் கட்டுது. அது இறுகறதுக்குள்ள மேல தண்ணி நின்னா, காரத்தை உறிஞ்சி வெளிய இழுத்துடும். இழுத்துடுச்சு. மேல வெள்ளையாப் பூத்து, தோல் உரியுது."

கரண்டி அவர் மடியில் இறங்கியது.

"அப்ப... நான் கெடுத்துட்டேனா?"

"உள்பாதிக்கு ஏன் விடலை?"

"டேங்க் காலி. பாதியில குழாய் இருமிச்சு, நின்னுடுச்சு. மறுநாள் விடலாம்னா மறுநாளும் வரலை. பாதி வேலை பண்ணி வெச்சுட்டோமேன்னு தூக்கமே இல்லை எனக்கு."

"தண்ணிப் பஞ்சம் நல்லா இருக்கட்டும்!" என்று அவள் எழுந்தாள்.

லாரியை நிறுத்திவிட்டு அவள் கணவன் வந்துகொண்டிருந்தான். சட்டை, புருவம், காது மடல் எல்லாம் சாம்பல். விஷயத்தைக் கேட்டதும் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளைத் தனியே இழுத்துப் போனான்.

"இதை அங்க சொல்லப் போறியா?"

"சொல்லாம? தரை தானாக் கெட்டுப் போச்சுன்னு உடைச்சுடுவாங்க."

"உடைச்சா உடைக்கட்டும். வேற எங்கயாவது போட்டுக் காட்டலாம். சித்தப்பா எதுக்குக் காத்துக்கிட்டிருக்காருன்னு உனக்குத் தெரியாதா? 'அண்ணனுக்குக் கண்ணு மங்கிடுச்சு, வீட்ல உட்காரச் சொல்லு'ன்னு மாசக்கணக்கா என்கிட்ட ஓதறாரு. அப்பாதான் கெடுத்தாருன்னு தெரிஞ்சா இன்னிக்கே அனுப்பிடுவாரு. கரண்டி இல்லாம அப்பாவால ஒரு நாள் இருக்க முடியுமா?"

"வேற எங்க போடச் சொல்றீங்க? இந்த ஒரு மேனேஜரைச் சம்மதிக்க வெக்க எத்தனை படி ஏறி இறங்கினேன்? சாம்பல் தரை உரிஞ்சு போச்சுன்னு ஒருமுறை ஊர்ல பரவிட்டா, அதுக்கப்புறம் எந்த வாசல்லயாவது என்னை நிக்க விடுவாங்களா?"

"அப்ப அப்பா?"

"மாமா பேரை நான் எடுக்க மாட்டேன். தரையையும் விட மாட்டேன்."

"ரெண்டும் எப்படி நடக்கும்?"

"தெரியாது. வாங்க."

மெஷின் வந்துவிட்டது. தோளில் சுமந்து வந்தவன் அதைக் கழுவும் அறை வாசலில் சாத்தி வைத்திருந்தான். ஆலையின் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு ஜன்னல் ஜன்னலாக முளைத்திருந்தார்கள். சாம்பல்காரி நேராகப் போய், உள்பாதியின் நடுவில், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

"சார், குழாய் கழுவற ஆசிட் ஒரு ஜாடி கொடுங்க. கையுறையும்."

"நாடகமெல்லாம் எதுக்கு?" என்றார் கான்ட்ராக்டர்.

"டிக்கெட் இல்லை, இருந்து பார்த்துட்டுப் போங்க சின்ன மாமா."

ஆசிட் வந்தது. முதலில் வாசல் பக்கத்து வெள்ளையில் கொஞ்சம் ஊற்றினாள். புஸ்ஸென்று நுரைத்தது.

"பாருங்க சார், பாருங்க!" கான்ட்ராக்டர் கைதட்டாத குறை. "தரை கொதிக்குது!"

"ஆமா, கொதிக்குது" என்றாள் அவள் நிதானமாக. "இந்தப் பாதி கெட்டுப் போச்சு சார். நானே சொல்றேன். இதை உடைச்சுத்தான் ஆகணும்."

கான்ட்ராக்டரின் வாய் பாதி திறந்து நின்றது. எதிர்த்துப் பேசத் தயாரான ஆளுக்கு எதிராளி ஒப்புக்கொண்டால் வரும் தடுமாற்றம்.

அவள் கோட்டைத் தாண்டி உள்பாதியில் ஊற்றினாள். எல்லோரும் குனிந்தார்கள். ஆசிட் தேங்கி நின்றது. நுரை இல்லை, சத்தம் இல்லை. மேனேஜர் முட்டி போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இப்போ அடுத்த அறை" என்றாள்.

அடுத்த அறை, போன வருடம் கான்ட்ராக்டர் போட்ட சிமென்ட் தரை. அங்கே ஊற்றியதும் ஆசிட் கடகடவென்று நுரை கக்கி, ஜல்லிகளுக்கு நடுவில் இறங்கி மறைந்தது.

"ஒரே கலவை, ஒரே நாள், ஒரே கைதான் சார் இந்தத் தரை. பாதி நல்லாருக்கு, பாதி கெட்டிருக்கு. கெட்ட பாதியில தண்ணி நிறுத்தியிருக்காங்க. கோட்டைப் பாருங்க, வரப்பு வெச்ச தடம். இதுக்குத் தண்ணி ஆகாது. அதான் விஷயம்."

"யாரு நிறுத்தினது?" என்றார் மேனேஜர்.

அவள் ஆசிட் ஜாடியைக் கீழே வைத்தாள்.

"யாரும்மா?"

"என் வேலை சார் இது. ஆளுங்களுக்குப் புரியற மாதிரி நான் சொல்லியிருக்கணும். கொட்டின மறுநாள் பக்கத்துல இருந்திருக்கணும். அடுத்த லோடு எடுக்கப் போயிட்டேன். தப்பு என் பேர்ல வெச்சுக்குங்க."

"அதெப்படி?" கான்ட்ராக்டர் விடவில்லை. "பேர் சொல்லும்மா. வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பார்க்கறியா? தண்ணி விட்டாங்களாம்! பேயா வந்து விட்டுச்சு?"

"பேய் இல்லைடா. உன் அண்ணன்."

வாசல் கூட்டம் விலகியது. மேஸ்திரி உள்ளே வந்தார். தோளை நிமிர்த்திக்கொண்டு, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நான்தான் விட்டேன். ஹோஸ் பிடிச்சு, வரப்பு கட்டி, ஆசை ஆசையா விட்டேன். வேணாம்னு மருமக சொல்லியும் விட்டேன். கெட்டுப் போச்சு. என்னால கெட்டுச்சு, சாம்பலால இல்லை. எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போடறேன்."

அவள் கணவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கான்ட்ராக்டரின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. "அண்ணே, இதைத்தான் நானும் பையன்கிட்ட..."

"இரு, இன்னும் முடிக்கலை." மேஸ்திரி அடுத்த அறைப் பக்கம் கரண்டியை நீட்டினார். "அந்தத் தரைக்கும் நான்தானே தண்ணி காட்டினேன்? ஒரு வேளை தவறினேனா? என் கையால வரப்பு வெச்சு, காய விடாம, பக்கத்துலேயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டேன். என்ன குறை வெச்சேன் அதுக்கு? அது ஏன்டா நுரை தள்ளுது?"

தம்பி மெஷின்காரன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்தத் தரையில என் தப்பு இருக்கு. அதுல யார் தப்பு?"

ஜன்னலில் யாரோ பொத்திப் பொத்திச் சிரித்தார்கள். கான்ட்ராக்டருக்குக் காது மடல் சிவந்தது.

"சரிண்ணே. இவ்வளவு தெரிஞ்சவரு என்கிட்ட எதுக்கு வேலை பார்க்கணும்? நாளையிலேர்ந்து வர வேணாம்."

"வரலை."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"நீ யோசிச்சா சொன்னே?"

மேனேஜர் இருவருக்கும் நடுவே வந்தார். "உங்க குடும்பப் பஞ்சாயத்தை வெளிய வெச்சுக்குங்க. எனக்கு அறை வேணும்." சற்று யோசித்தார். "சரி, இப்படிப் பண்ணலாம். உள்பாதி நல்லாருக்கு, அது அப்படியே இருக்கட்டும். வாசல் பாதியை உடைச்சுட்டு, நம்ம கான்ட்ராக்டர் வழக்கம் போல சிமென்ட் போட்டுடட்டும். ஒரு வருஷம் ஓடட்டும். எது நிக்குதுன்னு பார்த்து அப்புறம் முடிவு பண்ணுவோம். யாருக்கும் மனக்கசப்பு இல்லை."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. நியாயமாகத்தான் பட்டது எல்லோருக்கும். கணவன்கூட அவளைப் பார்த்து, ஒத்துக்கொள் என்று கண்ணைக் காட்டினான். கான்ட்ராக்டர் முதல் ஆளாகத் தலையாட்டினார். "சார் சொன்னா சரி."

"எனக்குச் சரியில்லை" என்றாள் சாம்பல்காரி.

"என்னம்மா, பாதி உனக்குக் கொடுத்திருக்காரு!" என்றார் கான்ட்ராக்டர்.

"பாதித் தரை எனக்கு வேண்டாம்."

"அட, பிடிவாதத்தைப் பாரு!"

"சாய்வு எந்தப் பக்கம் சார்?" அவள் மேனேஜரைக் கேட்டாள். "உள்ள கழுவற தண்ணி, ஆசிட், புளிச்ச பால், எல்லாம் எங்க போகுது? வாசல் பக்கத்து வடிகாலுக்கு. என் பாதி மேல சும்மா ஓடும், சிமென்ட் பாதியிலதான் தேங்கி நிக்கும். அது அரிக்கும். அரிச்சு இணைப்புல பள்ளம் விழும். பள்ளத்து வழியா என் தரைக்கு அடியில இறங்கும். அடிமண் போனா எந்தக் கல்லு நிக்கும்? ஒரு வருஷம் கழிச்சு நீங்க வந்து பார்க்கறப்ப ரெண்டு பாதியும் ஆடிக்கிட்டிருக்கும். அப்ப சின்ன மாமா என்ன சொல்லுவாரு? 'சாம்பல் தரையும் போச்சு பாருங்க சார்'னு சொல்லுவாரு."

கான்ட்ராக்டர் கூரையைப் பார்த்தார்.

"அவருக்கும் தெரியும் சார். அதான் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டினாரு."

"அதெல்லாம் உன் ஊகம்" என்றார் கான்ட்ராக்டர், கூரையிடம்.

"முழுத் தரையும் என்னோடதா இருக்கணும். நின்னா என் பேரு, போனா என் பேரு. இல்லைன்னா ஒண்ணுமே வேணாம்." மெஷினோடு வந்து சுவரில் சாத்தியிருந்த சம்மட்டியை எடுத்தாள். "உள்பாதியையும் நானே உடைச்சு அள்ளிட்டுப் போறேன். வேற ஒருத்தர் தப்புக்குப் பழி சுமக்க என் தரையை இங்க விட்டுட்டுப் போக மாட்டேன்."

"ஏய்!" என்று கணவன் ஓர் எட்டு முன்னால் வந்தான். மேஸ்திரி கையை நீட்டி அவனைத் தடுத்தார்.

அவள் மிரட்டுவதற்காகத் தூக்கவில்லை. அவள் கையைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது. கால்களை அகட்டி நின்று, தலைக்கு மேல் தூக்கி, இத்தனை நாள் ஏறி இறங்கிய படிகளையெல்லாம் சேர்த்து ஓங்கி இறக்கினாள். ணங் என்றது. சம்மட்டி எகிறியது. ஒரு சில்லு பெயர்ந்து மேனேஜரின் பூட்ஸில் தெறித்தது. மறுபடி தூக்கினாள்.

"நிறுத்துங்க!"

மேனேஜர் குனிந்து அந்தச் சில்லை எடுத்தார். உடைந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலுக்குப் போய் வடிகாலை எட்டிப் பார்த்தார். அங்கிருந்து அடுத்த அறையின் குழிகளைப் பார்த்தார். அவர் அவசரப்படவே இல்லை. சம்மட்டி அவள் தோள்மேல் அப்படியே காத்திருந்தது.

"இந்தச் சாய்வை வெச்சுப் பார்த்தா..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "நான் நல்ல யோசனைன்னுதான் சொன்னேன்."

"தெரியும் சார்."

"வாசல் பாதியை நீங்களே திரும்பப் போடுங்க. இதுவும் உரிஞ்சா மறுபேச்சு கிடையாது. முழுசா வெளிய போயிடணும், அடுத்த அறையைப் பத்திப் பேசக் கூடாது."

"உரியலைன்னா அடுத்த அறை எப்போன்னு இப்பவே சொல்லணும்."

"ஏம்மா, இடம் கொடுத்தா..."

"சார்."

மேனேஜர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "இது முடிஞ்ச மறுவாரம். போதுமா?"

"போதும்."

கான்ட்ராக்டர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அதில் யாரும் பேசாமலேயே பேசியபடி வெளியே நடந்தார். வாசலில் நின்று திரும்பினார். "வருஷம் ஆகட்டும், பார்ப்போம்."

"வாங்க சின்ன மாமா" என்றாள் அவள். "வர்றப்ப சிமென்ட் கொண்டாராதீங்க, வெறுங்கையோட வாங்க. டீ போட்டுத் தர்றேன்."

மெஷின்காரன் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் விழித்தான். மேஸ்திரி அவன் தோளைத் தட்டி, வெள்ளைப் பக்கத்தைக் காட்டினார். "இங்கேர்ந்து ஆரம்பி. கோடு தெரியுதா? கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டு பெயர்ந்துச்சுன்னா மெஷினோட உன்னை வடிகால்ல இறக்கிடுவேன்."

மெஷின் அலறத் தொடங்கியது. கெட்டுப்போன பாதி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. தான் கெடுத்ததைத் தானே அள்ள வேண்டும் என்று மேஸ்திரி அடம்பிடித்தார். மகன் தடுத்தும் கேட்காமல், கூடை கூடையாகச் சுமந்து வெளியே கொட்டினார். நான்காவதோ ஐந்தாவதோ கூடையில் மூச்சு வாங்க அவள் பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா, நான் இனி யாருக்கிட்ட வேலை பார்க்கறது?"

"ஏன், எங்கிட்டதான்."

"உன்கிட்டயா? மருமக கீழ மாமனாரா? ஊர் என்ன சொல்லும்?"

"தம்பி கீழ அண்ணன் இருந்தப்ப ஊர் என்ன சொல்லிச்சு?"

அவர் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "அதுவும் சரிதான். ஆனா ஒண்ணு. உன் சாம்பல் கரண்டியில பாகு மாதிரி ஒட்டுது. எனக்கு அது பிடிக்கலை. இப்பவே சொல்லிட்டேன்."

"பிடிக்கலைன்னு சொல்லிக்கிட்டே போடுங்க."

"தண்ணி?"

"மாமா!"

"சும்மா கேட்டேன்மா, சும்மா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அவள் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு லாரிக்குப் போய், தார்ப்பாயின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். அடுத்த அறைக்கென்று கொண்டுவந்து இன்னும் இறக்காமல் வைத்திருந்த லோடு. காற்று வீசியது. சாம்பல் கிளம்பி, ஆபீஸ் ஜன்னல் பக்கமாகப் பறந்தது. ஜன்னலை யாரோ படாரென்று சாத்தினார்கள். சாத்தட்டும் என்று அவள் இரண்டாவது கயிற்றையும் அவிழ்த்தாள்.